முணுமுணுப்பு யாருடையது?
முகாம் நினைவுகளை வாசிப்பது பற்றிச் சில குறிப்புகள்

யுத்தம் பற்றிய எழுத்தில் சண்டைக்குக் கிடைக்கும் இடம் பெரிது. படையாளின் நாட்களில் சண்டைக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சாதாரணப் படையாளுக்கு வருடத்தின் பெரும்பகுதி முகாமிலேயே கழிந்தது. விறகு வெட்டுதல், தண்ணீர் சுமத்தல், அணிநடை, காவல், சேறு, பேன், வயிற்றோட்டம், வராத சம்பளம், வராத கடிதம். செத்ததும் பெரும்பாலும் அங்கேதான். வடபகுதிப் படைகளில் இறந்தோராகக் கணக்கிடப்பட்ட ஏறத்தாழ 3,60,000 பேரில், சண்டையிலும் அதன் காயங்களாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,10,000 பேர்தான். மீதிப் பேரில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது நோய். நோய்களில் முன்னுக்கு நின்றவை வயிற்றோட்டமும் வயிற்றுளைவும்.

ஆகவே அந்த யுத்தத்தை அறிய விரும்பும் ஒருவர் தளபதிகளின் நினைவுக் குறிப்புகளை ஒருபக்கம் வைத்துவிட்டு, முகாமில் இருந்தவனின் முணுமுணுப்பைக் கேட்க வேண்டும் என்று நாம் உடனே சொல்லிவிடக்கூடும். நானும் அப்படித்தான் அந்த நூல்களுக்குள் போனேன். ஆனால் முணுமுணுப்பும் அப்பாவியான சாட்சி அல்ல. யார் முணுமுணுக்கலாம், எதைப்பற்றி முணுமுணுக்கலாம், யாருடைய முணுமுணுப்பு பிற்பாடு சிரிப்பாகவும் நினைவாகவும் பாதுகாக்கப்படும், யாருடையது துப்பாக்கியால் நிறுத்தப்படும் என்பதெல்லாம் அதிகாரத்தின் கேள்விகள்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2009க்குப் பின்னர் எம்மவர் மத்தியில் முகாம் நினைவுகள் பெருகியிருக்கின்றன. நாவலாக, தன்வரலாறாக, நேர்காணலாக, பிறந்தநாள் கொண்டாட்டங்களில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் கதையாக. எந்த இயக்கத்தில் இருந்தவர் என்றாலும் கதையின் சாயல் ஒன்றுபோலவே இருக்கிறது: அரிசிக்குள் கல், பருப்புக்குள் தண்ணீர், சென்ரியில் நித்திரை, பொறுப்பாளருக்குப் பெடியள் வைத்த பட்டப்பெயர். கேட்டுக்கொண்டிருக்கும் நாங்களும் சிரிக்கிறோம். இந்தச் சிரிப்பு எதைச் செய்கிறது என்பதை நேரடியாகக் கேட்பது கடினம்; எல்லோருக்கும் வலிக்கும். நூற்று ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்ட ஒரு யுத்தத்தில் அதே சிரிப்பு என்ன செய்தது என்பதை முதலில் பார்ப்போம்.

1

ஜோன் பில்லிங்ஸ் மசசூசெற்ஸ் மாநிலத்தின் 10ஆவது இலகு பீரங்கிப் பிரிவில் இருந்தவர். அவர் எழுதிய 'ஹாட்ரக் அன்ட் கொஃபி' 1887இல் வெளிவந்தது. படையாளின் கல்போன்ற பிஸ்கற்றும் கோப்பியும்தான் தலைப்பு. சண்டையை விவரிப்பதை இந்த நூல் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடாரங்கள், மரக்குற்றிக் குடிசைகள், பங்கீடு, முகாமின் ஒரு நாள், குற்றமும் தண்டனையும், கோவேறு கழுதை என்றே அத்தியாயங்கள் போகின்றன. படங்களை வரைந்த சார்ள்ஸ் றீட்டும் அதே யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர்.

நூலின் பலம் அதன் கண். கோப்பித்தூளும் சீனியும் வந்ததும் தரையில் றப்பர் விரிப்பைப் போட்டு, எத்தனை பேரோ அத்தனை குவியலாகப் பிரிக்கிறார்கள். எந்தக் குவியல் பெரிது என்ற சண்டை வராமலிருக்க, சார்ஜன்ற் குவியல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பெயர்களை வாசிக்கிறார். பிஸ்கற்றில் வண்டு இருக்கும். கோப்பிக்குள் உடைத்துப் போட்டால் வண்டு மேலே மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டுக் குடிக்கலாம். எப்போதும் எதையாவது கொட்டிக் கவிழ்த்து மற்றவர்களின் சாபத்தை வாங்குகிற ஒருவன், வேலை என்றதும் காணாமற்போகிற ஒருவன் என்று முகாமின் மனித வகைகளையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். முகாமில் இருந்த எவருக்கும் இவர்களைத் தெரியும்.

சமத்துவம் பற்றி எத்தனையோ துண்டுப்பிரசுரங்களை வாசித்த எங்களுக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு பெயர் வாசிக்கும் அந்த சார்ஜன்ற் மறக்க முடியாத உருவம். நீதி என்பது அந்த இடத்தில் ஒரு கோட்பாடாக இல்லை. பசித்த மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பாமல் கண்டுபிடித்த ஒரு நடைமுறை.

ஆனால் தண்டனைகள் பற்றிய அத்தியாயத்துக்கு வரும்போது பில்லிங்ஸின் குரலைக் கவனிக்க வேண்டும். தோளில் மரக்குற்றியைச் சுமந்துகொண்டு நடத்தல், அடி தட்டிய பீப்பாயை உடம்பில் மாட்டிக்கொண்டு நிற்றல், பெருவிரல்களில் கட்டித் தூக்கப்படுதல், பீரங்கி வண்டியின் உபரிச் சக்கரத்தில் கையும் காலும் விரித்துக் கட்டப்படுதல். சக்கரத்தில் கட்டப்படுவது சித்திரவதை என்பது அவருக்குத் தெரியும். அதை மறைக்கவும் இல்லை. எனினும் அந்த அத்தியாயம் கோப்பிக்கும் கழுதைக்கும் இடையில், அதே இதமான தொனியில் வைக்கப்படுகிறது. யுத்தம் முடிந்து இருபது வருடம் கடந்தபின் எல்லாமே 'எங்கட காலத்தில' என்ற ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. வண்டுள்ள பிஸ்கற்றும் சக்கரத்தில் கட்டப்பட்ட மனிதனும் ஒரே வகை நினைவாகிவிடும் இடத்தில்தான் என் சிக்கல் தொடங்குகிறது.

2

எதிர்ப்பக்கத்தில் சாம் வொற்கின்ஸ் இருக்கிறார். டென்னசி 1ஆவது காலாட்படையணியின் எச் கொம்பனியில் சாதாரணப் படையாளாக இருந்தவர். யுத்தத்தின் தொடக்கத்தில் நூறு பேருக்கு மேல் இருந்த கொம்பனியில், சரணடையும்போது எஞ்சியவர்கள் ஏழு பேர் என்பது அவர் கணக்கு. தன் ஊர்ப் பத்திரிகையில் தொடராக எழுதி 1882இல் நூலாக்கினார். 1990இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான கென் பேர்ன்ஸின் உள்நாட்டு யுத்த ஆவணத்தொடர் அவரைப் பரவலாக அறிமுகம் செய்தது.

பில்லிங்ஸைவிட வொற்கின்ஸ் கசப்பானவர், எழுத்தாளராகவும் பெரியவர். 1862 ஏப்ரலில் தென்பகுதி அரசு கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஒரு வருடத்துக்கென்று தாமாக வந்தவர்களின் சேவையை மூன்று வருடமாக்கியது. அன்றோடு தங்கள் மனம் செத்துவிட்டது என்ற தோரணையில் அவர் எழுதுகிறார். அதே வருடம் ஒக்ரோபரில் இன்னொரு சட்டம் வந்தது: இருபது அடிமைகளோ அதற்கு மேலோ உள்ள தோட்டமொன்றுக்கு, மேற்பார்வை செய்யவென ஒரு வெள்ளையர் படைச்சேவையிலிருந்து விலக்குப் பெறலாம். இது பணக்காரனின் யுத்தம், சண்டை போடுவது ஏழை என்ற பேச்சு முகாமெங்கும் பரவியது. வொற்கின்ஸ் அதைப் பதிவு செய்கிறார். தளபதி பிராக்கின் கீழ் தப்பியோடியவர்கள் சுடப்பட்டதையும், ஒருவனுக்குச் சவுக்கடி கொடுத்துச் சூடு வைத்ததையும் எழுதுகிறார். அவரது கோபம் உண்மையானது.

இங்கே ஒரு விமர்சகர் நின்று நிதானிக்க வேண்டும். சவுக்கடியும் சூடும் தென்பகுதியில் யாருக்குரிய தண்டனைகள்? அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக அடிமைகளின் உடம்பில் எழுதப்பட்டவை அவை. அவை ஒரு வெள்ளைப் படையாளின் உடம்பில் எழுதப்படும்போது வொற்கின்ஸ் துடிக்கிறார். ஆனால் அந்தத் துடிப்பு அவரை முகாமின் அடுத்த பக்கத்துக்கு, எசமான்களோடு வந்து சமைத்தும் துணி துவைத்தும் கொண்டிருந்த அடிமைகளிடத்துக்குக் கொண்டுபோகவில்லை. இருபது அடிமைச் சட்டத்தில் அவருக்குப் படும் அநீதி, இருபது அடிமை வைத்திருப்பவன் வீட்டில் இருக்கலாம் என்பதுதான். ஒருவன் இருபது மனிதரை வைத்திருக்கிறான் என்பது அந்த முறைப்பாட்டுக்குள் வரவேயில்லை. யுத்தம் மாநில உரிமைகளுக்காக நடந்தது என்ற விளக்கத்தோடு அவர் திருப்தியடைந்துவிடுகிறார்.

தான் வரலாறு எழுதவில்லை, வரலாறு வேண்டுமானால் வரலாற்று நூல்களைப் பாருங்கள் என்று வொற்கின்ஸ் திரும்பத் திரும்பச் சொல்வார். இது சாதாரணன் ஒருவனின் அடக்கமாக வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. எனக்கு அது ஒரு தப்பும் வழியாகவும் தெரிகிறது. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன் என்பவர், எதைக் காணாமல் விட்டேன் என்ற கேள்வியிலிருந்தும் தன்னை விடுவித்துக்கொள்கிறார்.

வடபகுதி முகாம்களின் முணுமுணுப்பு இதைவிடத் தூய்மையானது என்றும் நினைக்க வேண்டாம். 1862 டிசம்பரில் ஃபிரெடெரிக்ஸ்பேர்க்கில் அடிவாங்கிய படை, வேர்ஜினியாவில் ஆற்றங்கரையில் குளிர்காலத்தைக் கழித்தது. ஜனவரியில் தளபதி பேர்ன்சைட் படையை நகர்த்த முயன்றபோது மழை பெய்து வண்டிகளும் பீரங்கிகளும் சேற்றில் புதைந்தன. பலருக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. ஆட்கள் கூட்டமாகத் தப்பியோடினார்கள். அதே ஜனவரி 1ஆம் திகதிதான் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. படையாட்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஆராய்ந்து பெல் வைலி 1952இல் வெளியிட்ட நூல், வடபகுதிச் சாதாரணப் படையாட்களில் பலர் கறுப்பர்களுக்காகச் சாக நாங்கள் வரவில்லை என்ற மனநிலையில் இருந்ததைக் காட்டுகிறது. பிரகடனத்தை வரவேற்றவர்களும் இருந்தார்கள். சேறு, பசி, சம்பளம், இனவெறி எல்லாம் ஒரே கடிதத்துக்குள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கலாம் என்பதே இங்கு முக்கியமானது. ஒடுக்கப்பட்டவனின் முறைப்பாடு தன்னளவிலேயே முற்போக்கானது என்ற எமது பழைய நம்பிக்கைக்கு இந்தக் கடிதங்கள் உதவப்போவதில்லை.

பேர்ன்சைட்டுக்குப் பின் வந்த ஹுக்கர் முணுமுணுப்பை ஆளத் தெரிந்தவர். புதுப் பாண் கொடுத்தார், மரக்கறி கொடுத்தார், முகாம்களைத் துப்புரவாக்கினார், விடுமுறை கொடுத்தார், ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தொப்பியில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் கொடுத்தார். தப்பியோடுவது குறைந்தது. அந்தச் சின்னங்கள் பற்றி பில்லிங்ஸ் பாசத்தோடு ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். பாணுக்கான முறைப்பாட்டை அதிகாரத்தால் கேட்க முடியும். கேட்பது அதற்கு இலாபமும்கூட.

3

அதிகாரத்தால் கேட்க முடியாத முறைப்பாடு எது?

மசசூசெற்ஸ் 54ஆவது படையணி 1863இல் கறுப்பின ஆண்களைக்கொண்டு உருவாக்கப்பட்டது. மற்றப் படையாட்களுக்குரிய அதே சம்பளம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். வெள்ளைப் படையாளுக்கு மாதம் 13 டொலரும் அதற்கு மேல் உடைக்கான படியும். கறுப்பினப் படையாட்களுக்கென்று வந்தபோது 10 டொலர். அதிலும் 3 டொலர் உடைக்கென்று கழித்துக் கையில் 7. அவர்கள் வாங்க மறுத்தார்கள். வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம் என்று மாநிலம் முன்வந்தபோது அதையும் மறுத்தார்கள். ஏனென்றால் கேள்வி ஆறு டொலர் பற்றியதாக இருக்கவில்லை. 1863 ஜூலை 18இல் வாக்னர் கோட்டைமீதான தாக்குதலில் பெரும் இழப்பைச் சந்தித்த பிறகும், மொரிஸ் தீவு முகாமில் அகழி வெட்டிக்கொண்டு, ஒரு சதமும் வாங்காமல் இருந்தார்கள்.

அந்த முகாமிலிருந்து ஜேம்ஸ் ஹென்றி கூடிங் என்ற கோப்ரல் 1863 செப்ரெம்பர் 28ஆம் திகதியிட்டு லிங்கனுக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்பு திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வேலை செய்தவர். நியூ பெட்ஃபோர்ட் பத்திரிகையொன்றுக்கு முகாமிலிருந்து தொடர்ந்து எழுதிவந்தவர். (இந்தக் கடிதங்கள் 1991இல்தான் நூலாகத் தொகுக்கப்பட்டன.) அவர் இரங்கிக் கேட்கவில்லை. தாங்கள் செய்திருக்கும் வேலையையும் தங்களுக்குத் தரப்படும் கூலியையும் அருகருகே வைத்து, தாங்கள் படையாட்களா கூலியாட்களா என்பதை அரசே தீர்மானிக்கட்டும் என்கிறார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாங்கள் சுதந்திர மனிதராகப் படையில் சேர்ந்தவர்கள் என்று வாதிடும்போதே, அதனால் முன்னாள் அடிமைகளின் சேவை மதிப்புக் குறைந்தது என்று பொருள்கொள்ள வேண்டாம் எனவும் எழுதுகிறார். தனக்கு நீதி கேட்கும்போது தனக்குக் கீழே வைக்கப்பட்டவனை விட்டுவிடாத கவனம் இது. வொற்கின்ஸிடம் நான் தேடிக் காணாதது இதைத்தான்.

அந்தக் கவனம் தேவையாகவே இருந்தது. தென் கரோலைனாவில் முன்னாள் அடிமைகளைக்கொண்டு அமைக்கப்பட்ட 3ஆவது படையணியில் வில்லியம் வாக்கர் என்ற சார்ஜன்ற் இருந்தார். 1863 நவெம்பரில் அவரும் அவரது கொம்பனியினரும் கட்டளை அதிகாரியின் கூடாரத்தின் முன்னால் துப்பாக்கிகளை அடுக்கி வைத்துவிட்டு, சொன்ன சம்பளம் தரப்படாவிட்டால் இனிமேல் சேவை செய்ய மாட்டோம் என்றார்கள். இராணுவ நீதிமன்றம் இதைக் கலகம் என்றது. 1864 பெப்ரவரி 29இல் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடிமை முறையை ஒழித்த அரசின் படைதான் சுட்டது.

அதே 1864 ஜூனில் சம்பளம் சமப்படுத்தப்பட்டது. ஆனால் சேர்ந்த நாளிலிருந்தான முழு நிலுவையும், யுத்தம் தொடங்கிய 1861 ஏப்ரலில் சுதந்திரமாக இருந்தவர்களுக்கே என்று சட்டம் வகுத்தது. கூடிங் செய்ய மறுத்த பிரிப்பைச் சட்டம் செய்தது. முன்னாள் அடிமைகளின் படையணிகள் 1865 மார்ச்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூடிங் இவை எதையும் அனுபவிக்கவில்லை. பெப்ரவரி 20இல் ஒலஸ்ரீச் சண்டையில் காயப்பட்டுப் பிடிபட்டு, ஜூலையில் அண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்தார். வாக்கருக்கு நினைவு நூல் எழுத வாய்க்கவில்லை. அவரது குரல் எமக்கு எட்டுவது அவரைக் குற்றவாளியாக்கிய இராணுவ நீதிமன்றப் பதிவின் வழியாகத்தான்.

4

இப்போது மூன்று முணுமுணுப்புகள் எம் முன்னால் இருக்கின்றன. யுத்தத்துக்குப் பிந்திய அமெரிக்கா இவற்றில் எவற்றை வைத்துக்கொண்டது?

1880களில் படையாட்களின் நினைவெழுத்து பெருஞ்சந்தையாகிவிட்டது. வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று மன்னிப்பதற்கு ஒரு பொது மொழி தேவைப்பட்டது. அந்த மொழியை முகாம் கொடுத்தது. நீயும் வண்டுள்ள பிஸ்கற்றைச் சாப்பிட்டாய், நானும் சாப்பிட்டேன். உனக்கும் சேறு, எனக்கும் சேறு. உன் தளபதியும் முட்டாள், என் தளபதியும் முட்டாள். யுத்தம் எதற்காக நடந்தது என்ற கேள்வி இந்தச் சகோதரத்துவத்துக்கு இடைஞ்சல். 1895இல் வெளிவந்த ஸ்ரீஃபன் கிரேனின் புகழ்பெற்ற நாவல் முகாமில் பரவும் வதந்தியோடு தொடங்குகிறது. ஓர் இளம் படையாளின் காத்திருப்பையும் பயத்தையும் அவ்வளவு நுட்பமாகச் சொல்லும் அந்த நாவலில் அடிமைமுறை ஒரு பொருட்டாக வருவதில்லை. 1913இல் கெற்றிஸ்பேர்க்கில் ஐம்பதாவது ஆண்டு ஒன்றுகூடலுக்கு 50,000க்கு மேற்பட்ட முதிய படையாட்கள் வந்து கூடாரங்களில் தங்கி, பழைய எதிரிகளோடு கைகுலுக்கினார்கள். அங்கே வந்து பேசிய ஜனாதிபதி வில்சனின் நிர்வாகம், அதே வருடம் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியரை வேறாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தது. வடக்கின் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் பணியாற்றியிருந்தார்கள். அந்தக் கைகுலுக்கலில் அவர்களுக்கு இடமில்லை. இந்த மறதி எப்படிக் கட்டப்பட்டது என்பதை டேவிட் பிளைற் 2001இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

பில்லிங்ஸும் வொற்கின்ஸும் பொய் சொன்னார்கள் என்று நான் கூறவில்லை. அவர்கள் சொன்ன சேறு உண்மைச் சேறு. அந்த உண்மையே ஒரு பெரிய மறதியைக் கட்டுவதற்கான கல்லாகவும் மண்ணாகவும் பயன்பட்டது. பாணுக்கான முணுமுணுப்பு நினைவானது. சம்பளத்துக்கான, மனிதராக எண்ணப்படுவதற்கான முணுமுணுப்பு காணாமற்போனது.

5

எங்களிடம் வருவோம். எம்மிடம் முகாம் எழுத்து புதிதல்ல. ஒரத்தநாட்டு முகாம்களையும் அங்கே கேள்வி கேட்டவர்களுக்கு நடந்ததையும் பின்னணியாகக்கொண்டு, புளொட்டிலிருந்து வெளியேறிய கோவிந்தன் எழுதிய 'புதியதோர் உலகம்' 1985இலேயே வந்துவிட்டது. சோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. இந்த இரண்டிலும் முகாமின் பசியும் சலிப்பும் முகாமின் தண்டனையிலிருந்து பிரிக்கப்படவில்லை. சாப்பாடு சரியில்லை என்று சொன்னவன் எப்படிச் சந்தேகத்துக்குரியவனாகிறான், சந்தேகத்துக்குரியவன் எப்படி உளவாளியாகிறான் என்ற படிகள் அங்கே தெரிகின்றன. எங்களுடைய வாக்கர்கள் அந்தப் படிகளில் ஏற்றப்பட்டவர்கள். ஆனால் எங்களுடையவர்களுக்கு நீதிமன்றப் பதிவும் கிடையாது.

எனது பயம், காலம் போகப்போக நாங்கள் கோவிந்தனை விட்டுவிட்டு பில்லிங்ஸைத் தெரிவு செய்துவிடுவோம் என்பது. அதற்கான அறிகுறிகள் தெரிகின்றன. ஒருகாலத்தில் ஒருவரையொருவர் சுட்ட இயக்கங்களில் இருந்தவர்கள் இன்று ஒரே மேசையில் இருந்து முகாம் பருப்பைப் பற்றிப் பேசிச் சிரிப்பது நல்ல விடயம்தான். ஆனால் அந்த மேசையில் யார் இல்லை? வதைமுகாமில் இருந்து மீண்டவர் அந்தப் பகிடிக்குச் சிரிப்பாரா? முகாமில் சமையலுக்கு விடப்பட்ட பெண்பிள்ளை? 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்? கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையின் தாய்? இவர்களுடைய முறைப்பாடு முகாம் வாழ்வின் கஷ்டங்கள் என்ற தலைப்பின் கீழ் வராது. அவர்கள் அந்த முகாமைப்பற்றியே முறைப்பாடு உள்ளவர்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் இது பொருந்தும். இலங்கை இராணுவத்திலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் தப்பியோடினார்கள்; அரசு திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்க வேண்டியிருந்தது. வறுமையால் படைக்குப் போன அந்தச் சிங்கள இளைஞனின் விரக்தியை நாங்கள் வாசிக்க வேண்டும். அசோக ஹந்தகமவின் 'மே மகே சந்தய்' (2000) அப்படித் தப்பியோடிய ஒருவனைப் பற்றிய படம். ஆனால் அதே படத்தில், அவனால் வல்லுறவுக்குள்ளாக்கப்பட்ட தமிழ்ப் பெண் அவனுக்குப் பின்னால் நடந்து வருகிறாள். அவனுடைய விரக்தியை மட்டும் பார்த்துவிட்டு அவளைக் கடந்துபோக அந்தப் படம் எம்மை விடுவதில்லை.

ஆகவே முகாம் நினைவொன்று கையில் கிடைக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம் என முன்வைக்கிறேன். இந்த முறைப்பாடு அன்றைக்கே சொல்லப்பட்டதா, அல்லது சொல்வதற்கு விலையில்லாத காலம் வந்தபின் சொல்லப்படுகிறதா? அதே முகாமில் முணுமுணுக்கவும் முடியாமல் இருந்தவர் யார், அவர் இந்தப் பக்கங்களில் எங்கே நிற்கிறார்? தண்டனைகள் எந்தத் தொனியில், எதற்கும் எதற்கும் இடையில் வைக்கப்பட்டிருக்கின்றன? இந்தக் கேள்விகளால் ஒரு நூல் கெட்டுப்போகாது. கூடிங்கின் கடிதம் மூன்றையும் தாங்கும். வொற்கின்ஸின் நூல் இரண்டாவதில் தடுமாறும். எனினும் அது வாசிக்கப்பட வேண்டிய நூலே.

முகாம்களில் இருந்த நண்பர்களிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. எழுதுங்கள். பருப்பில் தண்ணீர் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். கூடவே, அதைப்பற்றி முதலில் வாய் திறந்தவர் யார், பிறகு அவரை எந்தக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள்.